டீ ஒன்றுதான், டம்ளர் ஏன் வேறு? தர்மபுரி கொட்டாங்குச்சி வழக்கும், நாம் தினமும் காட்டும் ‘மரியாதை’யும்

வீட்டுக்கு யாராவது வந்தால் நம்ம ஊர்ல முதல்ல கேட்கிறது என்ன? “வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?” வந்தவர் யார், எதுக்கு வந்தார் என்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் ஒரு சொம்பு தண்ணீர், அடுத்து ஒரு டம்ளர் டீ. தமிழ்நாட்டில் மரியாதையின் பாலபாடமே இதுதான்.

அந்த டீயை வைத்தே ஒருவரை அவமானப்படுத்தவும் முடியும். 2024 பிப்ரவரியில் தர்மபுரி மாவட்டத்தில் இருந்து வெளியான ஒரு சின்ன வீடியோ அதைத்தான் காட்டியது.

என்ன நடந்தது, சட்டம் என்ன சொல்கிறது, நகரத்தில் வேலை பார்க்கிற நமக்கு இதில் என்ன சம்பந்தம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

என்ன நடந்தது?

மொரப்பூர் அருகே ஒரு கிராமம். பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண்கள் சிலர் ஒரு விவசாய நிலத்தில் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். வேலைக்கு நடுவே டீ வந்தது. டீ ஊற்றப்பட்டது டம்ளரில் அல்ல, கொட்டாங்குச்சியில். அந்தக் காட்சி வீடியோவாகப் பரவியது. வேலைக்குப் போன பெண்களில் ஒருவர் புகார் கொடுத்தார். கம்பைநல்லூர் போலீஸார் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவு செய்து, நிலத்துக்காரர் குடும்பத்தைச் சேர்ந்த மாமியார், மருமகள் இருவரைக் கைது செய்தனர்.

இந்தச் சம்பவத்தில் கத்தல் இல்லை, அடிதடி இல்லை. யாரும் யாரையும் கெட்ட வார்த்தையில் திட்டவும் இல்லை. வேலை நேரத்தில் டீ கொடுப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். பார்க்கப்போனால் அது ஒரு நல்ல பழக்கம். அந்த நல்ல பழக்கத்துக்கு உள்ளேயே “நீ எங்களில் ஒருத்தி இல்லை” என்ற செய்தியும் சேர்ந்து ஊற்றப்பட்டது. அதனால்தான் வீடியோ பார்த்த பலருக்கு மனசு சுருக்கென்றது.

‘பிடிக்கலைன்னா குடிக்காம இருக்கலாமே?’

இது போன்ற செய்தி வரும்போதெல்லாம் கூடவே இப்படி ஒரு கேள்வியும் வரும். கொட்டாங்குச்சியில் ஊற்றினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாமே?

சொல்லலாம்தான். ஆனால் யார் யாரிடம் சொல்வது என்று பாருங்கள். தர்மபுரி மழையை நம்பியிருக்கிற மாவட்டம். மானாவாரி நிலம் அதிகம். உள்ளூரில் வேலை போதாமல் பெங்களூரு கட்டட வேலைக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் பஸ் ஏறுகிறவர்கள் இங்கே ஏராளம். ஊரை விட்டுப் போக முடியாத பெண்களுக்கு அக்கம்பக்கத்து நிலத்தில் கிடைக்கிற கூலிதான் கைக்காசு. இன்றைக்கு டீயை மறுத்தால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிடுவார்களா என்ற பயம் இருக்கும்.

ஆபீஸில் மேனேஜர் எல்லார் முன்னாலும் மட்டம் தட்டினால் நாம் உடனே ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுகிறோமா? இஎம்ஐ ஞாபகம் வரும், வாயை மூடிக்கொண்டு உட்காருவோம். தினக்கூலிக்கு அந்த இஎம்ஐ என்பது அன்றைய ராத்திரி சாப்பாடு. எதிர்த்துப் பேசாமல் குடித்தார்கள் என்பதற்காக அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்று ஆகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

“ஒரு டம்ளர் விஷயத்துக்கு அரெஸ்ட்டா?” என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போவோம்.

1948 நவம்பர் 29. அரசியல் நிர்ணய சபை தீண்டாமை ஒழிப்புப் பிரிவை ஏற்றுக்கொண்ட நாள். இன்று அது அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, அதை எந்த வடிவத்திலும் கடைப்பிடிப்பது குற்றம் என்கிறது. ‘எந்த வடிவத்திலும்’ என்பதைக் கவனியுங்கள். தீண்டாமை ஒரே உருவத்தில் வராது, டம்ளராகவும் வரும், பெஞ்சாகவும் வரும், வார்த்தையாகவும் வரும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து 1955-ல் வந்த சட்டம். இன்று அதன் பெயர் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். ஹோட்டல், உணவு விடுதி போன்ற பொது இடங்களில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த தீண்டாமையின் பெயரால் தடை போடுவது குற்றம் என்று இதன் 4-வது பிரிவு நேரடியாகவே சொல்கிறது. அதாவது டீக்கடை டம்ளர் சட்டப் புத்தகத்துக்குள் ஏறி 70 ஆண்டுகள் ஆகிவிட்டன. இதே சட்டத்தின் 12-வது பிரிவு இன்னும் முக்கியம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையால்தான் நடந்தது என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். ‘அப்படி இல்லை’ என்று நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பின் வேலை.

மூன்றாவது, 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பட்டியல் சாதி, பழங்குடியினரை, அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர், பொதுப் பார்வையில் படும் இடத்தில், சிறுமைப்படுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம்.

இதில் ‘பொதுப் பார்வை’ என்ற சொல்லை வைத்துத்தான் கோர்ட்டில் நிறைய வாதம் நடக்கும். வெளியாட்கள் யாரும் இல்லாத, வீட்டின் நாலு சுவருக்குள் நடந்த பேச்சு இந்தப் பிரிவில் வராது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. ஆனால் தனியாருக்குச் சொந்தமான இடம் என்பது மட்டுமே தப்பிக்கும் வழி ஆகாது. நாலு பேர் பார்க்கும்படி நடந்ததா என்பதுதான் கேள்வி.

இது தர்மபுரி கதை மட்டுமா?

இல்லை. டீயும் தண்ணீரும் தின்பண்டமும் சாதி அளக்கும் கருவிகளாக இருந்த கதை நாடு முழுக்க உண்டு.

அம்பேத்கர் பள்ளி மாணவனாக இருந்தபோது பானையைத் தொட்டுத் தண்ணீர் குடிக்க அவருக்கு அனுமதி இல்லை. பியூன் எடுத்து ஊற்றினால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகத்தோடுதான் இருக்க வேண்டும். அவரே இதை எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சிறுவன் வளர்ந்து, 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிராவின் மஹாடில் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் பொதுக் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தப் போராட்டத்தின் மையமே ஒரு கை தண்ணீர்தான்.

அது பழைய கதை என்கிறீர்களா? 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், ஸ்கூல் பிள்ளைகளிடம் “ஊர்க் கட்டுப்பாடு” என்று சொல்லித் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரரின் வீடியோ வெளியானது. கடைக்கு சீல் வைத்தார்கள், கைதும் நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த விவகாரம். அதை விசாரிக்கப்போன அப்போதைய ஆட்சியர் கவிதா ராமு, பக்கத்து டீக்கடையிலேயே இரட்டைக் குவளை முறை இருப்பதைக் கண்டுபிடித்தார்.

கவனித்தீர்களா? பாஞ்சாகுளத்திலும் மொரப்பூரிலும் விஷயம் வெளியே வரக் காரணம் ஒரு செல்போன். இந்த வழக்கம் புதிதாக முளைத்தது அல்ல. அதைப் பதிவு செய்ய இப்போது ஆட்களிடம் கேமரா இருக்கிறது.

‘மரியாதை’ என்ற சொல்லுக்குள் ஒரு வேலி

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். ‘மரியாதை’ வடமொழியில் இருந்து வந்த சொல். ‘மர்யாதா’ என்றால் எல்லை, வரம்பு என்று அர்த்தம். கோயில் திருவிழாவில் ‘முதல் மரியாதை யாருக்கு?’ என்று சண்டை வருவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மரியாதை என்றால் அன்போ பணிவோ இல்லை, வரிசை. யார் முன்னால், யார் பின்னால் என்ற கணக்கு.

நம்ம ஊரில் ‘மரியாதை தெரிஞ்ச பையன்’ என்று சொல்வதிலும் சில சமயம் இந்த அர்த்தம் ஒட்டிக்கொண்டிருக்கும். யாரிடம் குனிய வேண்டும் என்று தெரிந்தவன், தன் எல்லையைத் தாண்டாதவன். மேலே இருப்பவரிடம் காட்டுகிற பணிவையும், கீழே என்று நினைப்பவரிடம் காட்டுகிற அலட்சியத்தையும் ஒரே வழக்கம்தான் சொல்லித் தருகிறது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு சொல்லும் நம்மிடம் இருக்கிறது. ‘விருந்து’. பழந்தமிழில் இதற்குப் புதுமை என்று பொருள். விருந்தினர் என்றால் புதிதாக வந்தவர், முன்பின் தெரியாதவர். திருக்குறளில் விருந்தோம்பல் 9-வது அதிகாரம், அடுத்து இனியவை கூறல், 100-வது அதிகாரம் பண்புடைமை. வந்தவரை எப்படி வரவேற்பது, எப்படிப் பேசுவது என்பதற்குத் தமிழில் இத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இந்த மண்ணுக்கே ஒரு கதை உண்டு. இன்றைய தர்மபுரிதான் அன்றைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் சாப்பிடாமல், ஊர் ஊராகப் பாடித் திரிந்த ஔவையாருக்குக் கொடுத்தான் என்பது ஸ்கூல் பாடத்திலேயே படித்த கதை. தன்னிடம் இருந்ததில் சிறந்ததை வந்தவருக்குக் கொடுத்ததால்தான் அந்த நெல்லிக்கனி இன்னும் நினைவில் நிற்கிறது. அந்தக் கதை பிறந்த மாவட்டத்தில் தூக்கிப்போடுகிற ஓட்டில் டீ ஊற்றினார்கள் என்ற புகார் வரும்போது, நாம் எந்தப் பழக்கத்தைப் பண்பாடு என்று சொல்லப் போகிறோம் என்ற கேள்வி தானாகவே வருகிறது.

டம்ளர் இல்லாமலும் நடக்கும்: ‘நீ’யா, ‘நீங்க’ளா?

பாத்திரம் கண்ணுக்குத் தெரியும். வார்த்தை அப்படியில்லை, வீடியோவில் சிக்குவதும் கஷ்டம்.

தர்மபுரியில் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் பேசுகிற குடும்பங்கள் உண்டு. தமிழில் நீ, நீங்க. கன்னடத்தில் நீனு, நீவு. தெலுங்கில் நுவ்வு, மீரு. மூன்று மொழியிலும் வாயைத் திறந்ததுமே ‘உனக்கு நான் எவ்வளவு மரியாதை தருகிறேன்’ என்று முடிவு எடுத்தாக வேண்டும். ஆங்கிலத்தில் ‘யூ’ என்று சொல்லித் தப்பிப்பது போல இங்கே தப்பிக்க முடியாது.

பொதுவாக வயதுதான் கணக்கு. பெரியவர் என்றால் நீங்க, அண்ணா, அக்கா, அம்மா. ஆனால் பல கிராமங்களில் இந்தக் கணக்கு ஒரு தெருவுக்கு மட்டும் மாறும். இருபது வயதுப் பையன் அறுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லி “வாடா, போடா” என்பான். அவர் பதிலுக்கு அந்தப் பையனை “சாமி” என்பார். யாருக்கும் அது தப்பாகவே தோன்றாது. தப்பாகத் தோன்றாததுதான் அதன் பலம்.

இடப்பெயரும் அப்படித்தான். ‘காலனி’ என்றால் சென்னையில் வெறும் குடியிருப்பு. கிராமத்தில் “காலனிக்காரங்க” என்றால் அர்த்தமே வேறு. 2025 ஏப்ரல் 29 அன்று தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின், அரசு ஆவணங்களில் இருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று சட்டசபையில் அறிவித்ததற்குக் காரணம் இதுதான். ஒரு சாதாரண சொல், தொடர்ந்து ஒரே தொனியில் சொல்லப்பட்டு வசவாக மாறிவிட்டது.

பேப்பர் கப் வந்ததும் பிரச்சினை முடிந்ததா?

இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராட்டங்களும் வழக்குகளும் வந்தபோது சில கடைகள் ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்தன. எல்லாருக்கும் பேப்பர் கப். குடித்துவிட்டுத் தூக்கிப் போட்டால் யார் குடித்த கப் என்ற பேச்சே இல்லை.

எல்லாருக்கும் ஒரே கப் என்றால் பரவாயில்லை, அது சுகாதாரம். தெரிந்த முகத்துக்குக் கண்ணாடி டம்ளர், ‘அந்தத் தெரு’ ஆளுக்கு மட்டும் பேப்பர் கப் என்றால் அது பழைய கொட்டாங்குச்சியின் புது வெர்ஷன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதனால் டம்ளர் என்ற கேள்வி மறுபடியும் கடை மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

சரி, சிட்டியில் இருக்கிற நமக்கு என்ன?

“எங்க ஆபீஸ்ல, அபார்ட்மென்ட்ல இதெல்லாம் இல்லைங்க” என்று சொல்லத் தோன்றும். ஒரு நிமிஷம் உங்கள் கிச்சனை நினைத்துப் பாருங்கள். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு டீ எந்த டம்ளரில்? ஜன்னல் ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்த ஒரு பழைய எவர்சில்வர் டம்ளர் இருக்கிறதா? அவர் கழுவிக் கொடுத்த தட்டில்தான் நாம் சாப்பிடுகிறோம். ஆனால் அந்தத் தட்டில் அவர் சாப்பிட்டால் மட்டும் ஏதோ மாதிரி இருக்கிறது என்றால், அந்தக் கூச்சத்துக்குச் சுத்தம் காரணம் இல்லை.

வேலை செய்பவர்களுக்குத் தனி லிஃப்ட், ஐந்தாவது மாடிக்கு உணவு கொண்டு வந்தவருக்குத் தண்ணீர் கேட்டாலும் தயக்கம், தன் வயதில் இரு மடங்கு உள்ள செக்யூரிட்டியை “ஏப்பா” என்று கூப்பிடுவது, புதிதாகச் சேர்ந்தவரிடம் “எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? குலதெய்வம் எது?” என்று அடுக்கிக்கொண்டே போவது. கேட்பவருக்கு அது சாதாரண அரட்டை. பதில் சொல்பவருக்கு எங்கே போய் நிற்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்த விசாரணை.

இதெல்லாம் வழக்காக மாறாது. பலவற்றில் நோக்கமும் கெட்டதாக இருக்காது. ஆனால் கொட்டாங்குச்சி எந்த எண்ணத்தில் இருந்து வருகிறதோ, இதுவும் அதற்குப் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது.

நல்ல பழக்கம் என்றால் என்ன? ஏழு சின்ன விதிகள்

1. ஒரே டம்ளர்: வீட்டுக்கு வருகிறவர் மேனேஜரோ, பிளம்பரோ, ஒரே செட் டம்ளரில் கொடுங்கள். தனி டம்ளர் இருந்தால் இன்றைக்கே அடுக்கோடு சேர்த்து வையுங்கள்.

2. கையில் கொடுங்கள்: தரையில் வைத்துத் தள்ளுவது, தூரத்தில் இருந்து ஊற்றுவது, காசைத் தூக்கிப் போடுவது வேண்டாம். கொடுக்கும் விதத்திலேயே பாதி மரியாதை இருக்கிறது.

3. ‘நீங்க’வில் தொடங்குங்கள்: ஆட்டோ ஓட்டுபவர், தூய்மைப் பணியாளர், ஹோட்டல் சர்வர் என்று முன்பின் தெரியாத யாராக இருந்தாலும் நீங்க, அண்ணா, அக்கா. நெருங்கிப் பழகிய பிறகு ‘நீ’ தானாக வரட்டும், இரண்டு பக்கமும் வரட்டும்.

4. உட்காரச் சொல்லுங்கள்: வேலைக்கு வந்தவர் இடைவேளையில் தரையில் உட்கார, நாம் சேரில் உட்கார்ந்து பேசுவது கண்ணுக்குப் பழகிவிட்டது. ஒரு சேரை இழுத்துப் போட நொடிகூட ஆகாது.

5. சாதி மோப்பம் வேண்டாம்: ஊர், தெரு, சாமி, சர்நேம் என்று சுற்றி வளைத்துக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொல்லாத எதுவும் உங்களுக்குத் தேவை இல்லை.

6. சாதி ஜோக்குக்குச் சிரிக்காதீர்கள்: பெரிய லெக்சர் எடுக்க வேண்டாம். “இதுல என்ன காமெடி?” என்று கேட்டுவிட்டு டீயைக் குடியுங்கள். போதும்.

7. ஊருக்குப் போனாலும் மாறாதீர்கள்: சிட்டியில் எல்லாருடனும் ஒரே மேசையில் சாப்பிட்டுவிட்டு, பொங்கலுக்கு ஊருக்குப் போனதும் “பெரியவங்க மனசு நோகக் கூடாது” என்று பழைய கணக்குக்குத் திரும்புகிறவர்கள் நம்மில் அதிகம். வீட்டில் பாட்டியிடம் சண்டை போட வேண்டாம். வேலைக்கு வந்தவருக்கு டீயை நீங்களே எடுத்துப்போய், உங்கள் வீட்டு டம்ளரில் கொடுங்கள், கூட நின்று நீங்களும் குடியுங்கள். பேச்சில் ஜெயிப்பதைவிட இது சீக்கிரம் வேலை செய்யும்.

கண்ணால் பார்த்தால் என்ன செய்வது?

தீண்டாமை நடப்பதைப் பார்த்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை. டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும், 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி. எஃப்ஐஆர் நகல் இலவசம். வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566, நாள் முழுக்க இயங்கும்.

வீடியோ எடுத்தால் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். அது போலீஸுக்கு ஆதாரம். ஆனால் பாதிக்கப்பட்டவரின் முகம் தெரிய அதை ஊரெல்லாம் ஃபார்வர்ட் செய்தால், அவருக்கு ஒருமுறை நடந்த அவமானம் ஆயிரம் முறை நடக்கும். முகத்தை மறையுங்கள். முடிந்தால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நாளைக்கும் அதே ஊரில், அதே தெருவில் நடக்க வேண்டியவர் அவர்தான்.

சட்டம் கொட்டாங்குச்சியைப் பிடுங்கிவிடும். ஆனால் அதற்குப் பதிலாக நல்ல டம்ளரை எடுத்து நீட்டுகிற கையை எந்தச் சட்டமும் தர முடியாது. அது வீட்டில் இருந்துதான் வர வேண்டும். இன்று சாயந்திரம் உங்கள் வீட்டுக்கு யாராவது வேலைக்கு வந்தால், டீ போடும்போது அலமாரியில் உங்கள் கை எந்த டம்ளரை நோக்கிப் போகிறது என்று மட்டும் பாருங்கள்.